சிங்கப்பூர்ல புக்கிட் தீமா பக்கம் குடி வந்திருக்கோம், அம்மாவையும் பையனையும் கூட்டிட்டு எங்க நடக்கலாம்?

கும்பகோணத்துக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம்தான் செங்காங்ல இருந்து வீடு மாறி கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் பக்கம் ஒரு காண்டோவுக்கு (தனியார் அடுக்குமாடி) வாடகைக்கு வந்தோம், பையனுக்கு (6 வயசு) ஸ்கூல் இந்தப் பக்கம் கெடச்சதால வேற வழி இல்ல, வாடகை நல்லாவே கையைக் கடிக்குது, அது இருக்கட்டும். இப்ப என் கவலை அம்மா பத்தி. 67 வயசு, மூணு மாசம் எங்க கூட இருக்க வந்திருக்காங்க. ஊர்ல தினமும் காலைல மகாமகக் குளத்தை நாலு சுத்து சுத்தி வந்து, போற வழியில நாலு பேர் கிட்ட பேசிட்டு, பூ வாங்கிட்டு வீட்டுக்கு வர்றவங்க. இங்க வந்து ஒம்பதாவது மாடி பால்கனியில உக்காந்துகிட்டு கீழ போற காரை எண்ணிட்டு இருக்காங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு.

காண்டோ உள்ள நீச்சல் குளம், ஜிம் எல்லாம் இருக்கு, அம்மாவுக்கு அதுல என்ன இருக்கு சொல்லுங்க. வெளிய கூட்டிட்டு போனா ரெண்டு பக்கமும் பெரிய பெரிய பங்களா, உயரமான கேட்டு, ரோட்டுல ஆளே இல்ல. அம்மா ரெண்டாவது நாளே "இது பணக்காரங்க தெரு தம்பி, நாம சும்மா நடந்தா ஏன் நடக்குறீங்கன்னு கேப்பாங்க போலிருக்கு, வா வீட்டுக்குப் போவோம்"னுட்டாங்க. உண்மைய சொன்னா எனக்கும் அந்தக் கூச்சம் கொஞ்சம் இருக்கு.

இந்த ஏரியாவ சுத்தி காடு, பார்க், பழைய ரயில் பாதைன்னு நெறைய இருக்குன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. அம்மாவுக்கு முட்டி வலி இருக்கு, சமதரையா இருக்கணும், நடுவுல உக்கார பெஞ்ச், பாத்ரூம் வேணும். பையன் குரங்கு பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். எனக்கு சனிக்கிழமை ஒரு நாளாவது நல்லா வேர்க்க விறுவிறுக்க நடக்கணும். மூணுக்கும் எங்க போகலாம்னு இங்க ரொம்ப நாளா இருக்குறவங்க சொல்லுங்க.

---

தோ யீ அக்கா எழுதியது:

தம்பி முதல்ல அந்தக் கூச்சத்த விடுங்க. நான் 22 வருஷமா இங்க தோ யீ டிரைவ்ல வீவக (அரசாங்கம் கட்டுன) அடுக்குமாடி வீட்டுலதான் இருக்கேன், பங்களாவும் இல்ல காண்டோவும் இல்ல. இந்த ஏரியாவுல வீட்டு விலை ஏன் இப்படி ஏறிக் கெடக்குன்னா பாதி இந்தப் பச்சைக்காகத்தான், ஆனா அந்தப் பச்சை இருக்கே, அதுக்கு கேட்டும் இல்ல டிக்கெட்டும் இல்ல. கோடீஸ்வரரும் நடக்குறாரு, அவரு வீட்டுல வேலை பாக்குற பொண்ணும் லீவு நாள்ல பிரெண்ட்ஸோட பாய் விரிச்சு உக்காந்திருக்கு. அம்மா கிட்ட இத சொல்லுங்க.

அம்மாவுக்கு நான் கண்ண மூடிட்டு சொல்றது பொட்டானிக் கார்டன்தான். உங்க ஸ்டேஷன்ல டவுன்டவுன் லைன் ஏறினா சிக்ஸ்த் அவென்யூ, தான் கா கீ, அடுத்தது பொட்டானிக் கார்டன்ஸ், மூணே ஸ்டேஷன். வெளிய வந்தா புக்கிட் தீமா கேட் எதிர்லயே இருக்கும். காலைல 5 மணிக்குத் திறந்து ராத்திரி 12 வரைக்கும், உள்ள போக காசு கெடையாது, ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். 1859ல ஆரம்பிச்ச தோட்டம், 2015ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாவும் ஆயிடுச்சு. 82 ஹெக்டேர், ஒரே நாள்ல முடிக்கணும்னு நெனைக்காதீங்க. முதல் வாரம் இந்தப் பக்கம் இருக்குற ஈக்கோ லேக்க மட்டும் சுத்தி வாங்க, கிட்டத்தட்ட சமதரை, பெஞ்சும் இருக்கு. முட்டி பழகினதுக்கப்புறம் மெதுவா டாங்ளின் பக்கம் போகலாம், அங்க போற வழி கொஞ்சம் மேடு பள்ளம்.

அம்மாவுக்கு அங்க தெரிஞ்ச முகம் நெறைய இருக்கு, மனுஷங்கள சொல்லல, மரத்த சொல்றேன். தூங்குமூஞ்சி மரம் எவ்ளோ பெருசுன்னு இந்த ஊர்ல பாக்கணும். நாகலிங்க மரம் இருக்கு, கீழ பூ உதுந்து கெடக்கும். எங்க அத்தை திருவாரூர்ல இருந்து வந்தப்போ அந்தப் பூவ கையில ஏந்தி உள்ள லிங்கத்தப் பாத்து கண்ணுல ஒத்திக்கிட்டு அப்படியே நின்னுட்டாங்க. (கீழ விழுந்தத பாருங்க, மரத்துல இருந்து பறிக்காதீங்க.) அஞ்சு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டுல ஒரு மரம் போட்டிருக்கும் பாருங்க, கிளை ஒண்ணு தாழ்வா படுத்த மாதிரி போகும், அந்த தெம்பூசு மரம் இங்கதான் இருக்கு, தோட்டத்தவிட வயசு அதிகம்னு சொல்வாங்க. பையன் கையில ஒரு நோட்டக் குடுத்து இந்த மரத்தக் கண்டுபிடின்னு சொல்லிப் பாருங்க, எவ்ளோ தூரம் வேணாலும் நடப்பான்.

புக்கிட் தீமா பக்கமே ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம் இருக்கு, அது சின்னப் பசங்களுக்குன்னே இருக்குறது, பெரியவங்க தனியா போக முடியாது, பிள்ளை கூட இருந்தாத்தான் விடுவாங்க. திங்கக்கிழமை மூடியிருக்கும். தண்ணி விளையாட்டு இருக்கு, மாத்துத் துணி எடுத்துக்கங்க.

முடிச்சிட்டு அதே லைன்ல ஸ்டீவன்ஸ், நியூட்டன், அடுத்து லிட்டில் இந்தியா. சூடா இட்லி சாப்பிட்டு அம்மாவுக்கு ஒரு முழம் பூ வாங்கிக் குடுங்க, ஊர்ல நடந்த மாதிரியே இருக்கும்.

---

மலையேறி எழுதியது:

புக்கிட் தீமாவுல இருந்துகிட்டு மலை ஏறாம இருந்தா எப்படி! இந்தத் தீவுலயே உயரமான இயற்கையான மேடு இதுதான், 163 மீட்டர். ஊர்ல மலை பாத்தவங்களுக்கு இது சின்னதாத் தெரியும், ஆனா அந்தத் தார் ரோடு முதல் ஏத்தத்துலயே மூச்சு வாங்க வச்சிடும். நான் வாரம் மூணு நாள் ஏறுறேன், சுகர் கன்ட்ரோலுக்கு வந்ததுல பாதி பங்கு இந்த மலைக்குத்தான். பியூட்டி வேர்ல்ட் ஸ்டேஷன்ல எறங்கி ஹிண்ட்ஹீட் டிரைவ் வழியா நடந்தா அடிவாரம் வந்திடும், காலை 7ல இருந்து சாயந்திரம் 7 வரைக்கும் திறந்திருக்கும். உச்சியில ஒரு பாறையில உயரம் எழுதியிருக்கும், அது பக்கத்துல நின்னு போட்டோ எடுக்காதவன் யாரும் இல்ல. குடும்பத்தோட போங்க, அம்மாவும் மெதுவா ஏறிடுவாங்க, எங்க காண்டோவுல ஒரு பாட்டி 70 வயசுல ஏறுறாங்க.

---

தோ யீ அக்கா எழுதியது:

மலையேறி தம்பி, நீங்க சொல்ற பாட்டி முப்பது வருஷமா ஏறுறவங்களா இருக்கும். முட்டி வலி இருக்குறவங்களுக்கு அந்த மலைய சொல்லாதீங்க, ஏறுறதக்கூட எப்படியாவது ஏறிடலாம், எறங்கும்போதுதான் முட்டி மேல அவ்ளோ பாரமும் எறங்கும், மழை பேஞ்சிருந்தா தார் ரோடும் வழுக்கும். நானே 2019ல எறங்கும்போது மடங்கி உக்காந்து ஆறு வாரம் கட்டுப் போட்டுகிட்டு இருந்தேன்.

கும்பகோணம் தம்பி, சனிக்கிழமை நீங்க மட்டும் ஏறுங்க, உங்க வேர்வைக்கு அதுதான் சரியான இடம். அம்மாவும் பையனும் அடிவாரத்துலயே ஹிண்ட்ஹீட் பார்க்குக்குப் போகட்டும், கொஞ்சம்தான் ஏத்த எறக்கம், கொஞ்ச நேரம் நடந்தா பழைய கல் குவாரி தண்ணி நெறஞ்சு குளமா நிக்கும், மூணு பக்கமும் பாறை, சத்தமே இருக்காது. ஒரு காலத்துல வெடி வச்சு கருங்கல் ஒடச்ச எடம்னு சொன்னா நம்ப முடியாது. பாத்ரூம் மலை வாசல்ல இருக்குற வருகையாளர் நிலையத்துல இருக்கு.

---

மலையேறி எழுதியது:

சரி அக்கா, ஏத்துக்குறேன், எறங்குறத நான் யோசிக்கல. மலை ஏறும்போது வேலி போட்டிருக்குற பக்கம், குறுக்கு வழி எதுலயும் போகாதீங்க. 2014 செப்டம்பர்ல இருந்து 2016 அக்டோபர் வரைக்கும் இந்த மலைய சீரமைக்க பெரும்பாலும் மூடி வச்சிருந்தாங்க, மண் அரிச்சு சரிவெல்லாம் பலவீனமாயிடுச்சு, அத்தன பேர் கால் பட்டு மரத்து வேரெல்லாம் வெளிய வந்து கெடந்துச்சு. அந்த ரெண்டு வருஷம் நான் தவிச்ச தவிப்பு எனக்குத்தான் தெரியும், அதனால யாராவது குறுக்க பூந்தா எனக்குக் கோவமே வந்திடும்.

---

தண்டவாளத்துப் பிள்ளை எழுதியது:

வணக்கம் தம்பி. வயசு எனக்கு உங்க அம்மாவ ஒட்டித்தான். உங்க வீட்டுல இருந்து நடந்தே போற தூரத்துல ஒரு எடம் இருக்கு, அத இன்னும் யாரும் சரியா சொல்லல, அதனால எழுதறேன்.

கிங் ஆல்பர்ட் பார்க் ஸ்டேஷன்ல இருந்து வெளிய வந்தா ரோட்டுக்கு மேல ஒரு கறுப்பு இரும்புப் பாலம் போவும் பாத்திருப்பீங்க. அது ரயில் பாலம். எங்கப்பா மலாயா ரயில்வேயில லைன் வேலை பாத்தவரு, சரளைக்கல் கொட்டுறது, கட்டை மாத்துறது, வெயில் மழை எல்லாம் அந்தத் தண்டவாளத்து மேலதான். அந்தக் காலத்துல ரயில்வேயில எங்க பாத்தாலும் நம்ம ஆளுங்கதான், பட்டுக்கோட்டை, பேராவூரணி, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளுங்க. சின்ன வயசுல அப்பாவுக்கு சாப்பாடு தூக்கிட்டு இந்தப் பாதையிலதான் ஓடுவேன், அப்ப இந்தப் பக்கம் கம்பத்து (கிராமத்து) வீடும் தோட்டமும்தான், இவ்ளோ மாடி வீடு எங்க இருந்துச்சு.

பாலத்த ஒட்டியே புக்கிட் தீமா ரயில் ஸ்டேஷன் இருக்கு, 1932ல கட்டுனது. ஒத்தத் தண்டவாளப் பாதை, ரெண்டு பக்கத்துல இருந்தும் வண்டி வந்து மோதிடக் கூடாதுன்னு டிரைவர் கையில ஒரு சாவி இருக்கணும், அந்தச் சாவி இல்லாம அடுத்த ஸ்டேஷனுக்குப் போக முடியாது. பெரிய வளையத்துல சாவிய மாட்டி ஸ்டேஷன் ஆளு நீட்டிகிட்டு நிப்பாரு, ஓடுற வண்டியில இருந்து எட்டி வாங்கிக்குவாங்க. அதப் பாக்கவே பசங்க நாங்க வேலி மேல ஏறி உக்காந்திருப்போம். கடைசி ரயில் 2011 ஜூன் 30 ராத்திரி தஞ்சோங் பகார்ல இருந்து கெளம்புச்சு, ஜோகூர் சுல்தானே ஓட்டிட்டுப் போனாரு. நானும் அன்னிக்கு இங்க வந்து கூட்டத்துல நின்னேன். வண்டி தாண்டுனதுக்கப்புறம் ரொம்ப நேரம் யாரும் நகரல.

தண்டவாளத்த எடுத்தாச்சு, ஆனா பாதைய விக்கல, கட்டடம் கட்டல. தஞ்சோங் பகார்ல இருந்து கிராஞ்சி பக்கம் வரைக்கும் 24 கிலோமீட்டர் ரயில் காரிடார்னு நடக்குறதுக்கு விட்டுட்டாங்க. நெறைய பேர் காப்பாத்தணும்னு பேசுனதாலதான் அது நடந்துச்சு, அதுக்கு நான் தெனமும் நன்றி சொல்றேன். இந்த ஏரியாவுல ஒரு சதுர அடி என்ன வெலைன்னு உங்களுக்குத் தெரியும், அத்தன நெலத்த எல்லாருக்கும் நடக்கக் குடுத்திருக்காங்க. ஸ்டேஷனையும் பழுது பாத்து 2022ல திறந்துட்டாங்க, சாவி மாத்துற கருவி இருந்த எடம், பெயர்ப் பலகை எல்லாம் பாக்கலாம், பாத்ரூம் இருக்கு, ரயில்வே ஊழியருங்க இருந்த வீட்டுல இப்ப ஒரு காப்பிக் கடை.

உங்க அம்மாவுக்கு இதவிட நல்ல பாதை கெடைக்காது தம்பி. ஏன்னு கேளுங்க, ரயில் மேடு ஏறாது. ரயிலுக்காகப் போட்ட பாதைன்றதால ஏத்தம் எறக்கம் இருக்குறதே தெரியாது, முட்டிக்கு அவ்ளோ இதமா இருக்கும். பொடிக்கல் போட்ட தரை, ரெண்டு பக்கமும் புல்லு. வடக்கால நடந்தா பாலத்தத் தாண்டி மலைக்காட்ட ஒட்டியே போவும், கடைசியில இன்னொரு இரும்புப் பாலம் வரும், அங்க ஹில்வியூ ஸ்டேஷன் பக்கம், திரும்ப நடக்க முடியலன்னா எம்ஆர்டி ஏறி மூணே ஸ்டேஷன்ல வீட்டுக்கு வந்திடலாம். முதல் தடவை அவ்ளோ தூரம் வேணாம், ரயில் ஸ்டேஷன்ல இருந்து முதல் பாலம் வரைக்கும் போய்ட்டு வாங்க, போதும். பல எடத்துல விளக்கு இல்ல, இங்க 7 மணிக்குத்தான் பொழுது விடியும், அதுக்கு முன்னாடி போகாதீங்க.

இன்னொண்ணு. இந்தத் தண்டவாளத்து ஓரம் குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே ஆளுங்க 1932ல ஒரு சின்னக் கொட்டகை போட்டு முனீஸ்வரன வச்சுக் கும்பிட்டாங்க. இப்ப காமன்வெல்த் டிரைவ்ல பெரிய கோயிலா இருக்கு. அம்மாவ ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போங்க. இந்த ஊரு யாரு ஊருன்னு அவங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கு பாருங்க, அந்தக் கோயிலப் பாத்தா தீந்திடும்.

---

இருவாச்சி எழுதியது:

ஐயா எழுதினதப் படிச்சிட்டு அழுதுட்டேன், பத்து வருஷமா அந்தப் பாதையில பறவை பாக்குறேன், சாவி வளையம் பத்தி இன்னிக்குத்தான் தெரியும்.

குரங்கு பத்தி யாரும் சொல்லலயே. ஹிண்ட்ஹீட் பக்கம், மலை அடிவாரம், ரைபிள் ரேஞ்ச் ரோடு இங்கெல்லாம் கட்டாயம் பாக்கலாம், நீள வால் குரங்கு, குட்டியோட வரும். ஆனா பையன் கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, சாப்பாடு போடக் கூடாது, முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம் இருக்கு. அபராதத்துக்காக மட்டும் சொல்லல, மனுஷன் கையில தின்னு பழகுன குரங்கு அப்புறம் வீட்டுக்குள்ள பூந்து, ஆளு மேல பாஞ்சு, கடைசியில அதுக்குத்தான் ஆபத்து. பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே சாப்பாடுன்னு வந்திடும், அதனால முறுக்கு பிஸ்கட் எல்லாம் முதுகுப்பைக்குள்ள, கையில எதுவும் வேணாம். கண்ணையே உத்துப் பாக்காதீங்க, பல்லக் காட்டாதீங்க, பையன் கையப் புடிச்சுகிட்டு மெதுவா நடந்து போயிடுங்க. காட்டுப்பன்னி வந்தாலும் அதேதான், கிட்ட போகக் கூடாது.

அம்மாவுக்கு ஒரு சந்தோஷம் சொல்லட்டுமா, குயில். விடியக்காலைல இந்த ஏரியா முழுக்க குயில் கூவும், பால்கனியில உக்காந்திருந்தாக்கூட கேக்கும். தோட்டத்துலயும் ரயில் பாதையிலயும் இருவாச்சி பாக்கலாம், நம்ம ஊர்ல மேற்குத் தொடர்ச்சி மலை ஏறினாத்தான் பாக்க முடியும், இங்க விளக்குக் கம்பத்துல உக்காந்திருக்கும். காட்டுக்கோழி குடும்பத்தோட குறுக்க நடக்கும். உடும்பு பயமுறுத்துற அளவுக்குப் பெருசா இருக்கும், ஒண்ணும் செய்யாது. ரொம்ப அதிர்ஷ்டம் இருந்தா கொலுகோன்னு ஒரு விலங்கப் பாக்கலாம், மரத்துல அப்பிக்கிட்டு தூங்கும், சாயந்திரம் ஆனா தோல விரிச்சு மரத்துக்கு மரம் காத்துல சறுக்கிப் போகும், முதல் தடவை பாத்தப்போ எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

மழை விஷயத்துல கவனம். மத்தியானத்துக்கு மேல இடி மழை சொல்லாம வரும், இடி சத்தம் கேட்டா மரத்தடியில நிக்காம கூரை இருக்குற எடத்துக்குப் போயிடுங்க. கொசு மருந்து தடவிக்காம காட்டுப் பக்கம் போகாதீங்க, டெங்கு இருக்கு.

கும்பகோணம், உங்களுக்கு நீள நடை வேணும்னா ஒரு நாள் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்குப் போங்க, மரத்து உச்சிக்கு நடுவுல 250 மீட்டர் தொங்குபாலம் இருக்கு, போய்ட்டு வர பத்து கிலோமீட்டருக்கு மேல ஆகும். திங்கக்கிழமை பாலம் மூடியிருக்கும். அம்மாவ அந்த சுத்துக்கு வேணாம், நீர்த்தேக்கத்து ஓரமா பலகைப் பாதை இருக்கு, அது அவங்களுக்கு ஒத்து வரும்.

---

கும்பகோணத்துக்காரன் எழுதியது:

ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

முதல் ஞாயித்துக்கிழமை பொட்டானிக் கார்டன் போனோம். ஏரிய ஒரு சுத்து சுத்தினதும் அம்மா பெஞ்சுல உக்காந்தாங்க, பக்கத்துல ஒரு சீனப் பாட்டி. இவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவங்களுக்குத் தமிழ் தெரியாது, ரெண்டு பேரும் முட்டியத் தொட்டுக் காட்டி ஏதோ பேசிக்கிட்டாங்க, எனக்கு இன்னும் புரியல எப்படின்னு. அடுத்த வாரம் டாங்ளின் பக்கம் வரைக்கும் நடந்தே வந்துட்டாங்க. பையன் அஞ்சு வெள்ளிய கையில புடிச்சுகிட்டு பாக்குற மரமெல்லாம் இதுவா இதுவான்னு ஓடினான், கண்டுபிடிச்சப்போ போட்ட கூச்சல்ல ஒரு கல்யாண போட்டோ எடுக்குறவங்க திரும்பிப் பாத்தாங்க.

ரயில் பாதைக்கு இப்ப தெனமும் அம்மாவே தனியா போறாங்க. நான் சத்தியமா எதிர்பாக்கல. ஏழே கால் மணிக்குக் கெளம்பி பாலம் வரைக்கும் போய், ஸ்டேஷன்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எட்டரைக்கு வந்திடறாங்க. ஐயா, நீங்க எழுதினத அவங்களுக்கு முழுசா வாசிச்சுக் காட்டினேன். பேராவூரணின்னு வந்ததும் நிறுத்தச் சொன்னாங்க. அவங்க அப்பா கூடப் பொறந்த பெரியப்பா ஒருத்தர் மலாயாவுக்கு ரயில்வே வேலைக்குன்னு போனவரு, ரெண்டு கடுதாசி வந்துச்சாம், அப்புறம் ஒண்ணும் இல்லையாம். இத்தன வருஷத்துல எங்க கிட்ட சொன்னதே இல்ல. மறுநாள் ஸ்டேஷன்ல அந்தப் பெயர்ப் பலகை கிட்ட ரொம்ப நேரம் நின்னாங்க, நான் ஒண்ணும் கேக்கல.

நான் சனிக்கிழமை மலை ஏறினேன், முதல் ஏத்தத்துலயே மூணு தடவ நின்னேன், ஆனா உச்சிக்குப் போயிட்டேன். குரங்கும் பாத்தாச்சு, பையன் கையக் கட்டிகிட்டு சிலை மாதிரி நின்னான், இருவாச்சி அக்காவுக்கு அவன் சார்பா நன்றி.

அக்கா, முனீஸ்வரன் கோயிலுக்கு இந்த வெள்ளிக்கிழமை போறோம், கிங் ஆல்பர்ட் பார்க்ல இருந்து பஸ் எது சுலபம்?

---

தோ யீ அக்கா எழுதியது:

சாமான், பிள்ளை, முட்டி வலி எல்லாத்தையும் வச்சுகிட்டு பஸ் மாத்திகிட்டு இருக்காதீங்க தம்பி, போகும்போது டாக்ஸி புடிங்க, கிட்டதான். வரும்போது காமன்வெல்த் ஸ்டேஷன்ல எம்ஆர்டி ஏறி புவன விஸ்தால மாறி பொட்டானிக் கார்டன்ஸ் வந்து உங்க லைன புடிச்சிடலாம்.

---

தண்டவாளத்துப் பிள்ளை எழுதியது:

தம்பி, உங்க அம்மா கிட்ட அந்தப் பெரியப்பா பேரும் எந்த வருஷம் கப்பல் ஏறினாருன்னும் கேட்டு வைங்க. எங்கப்பா கூட வேலை பாத்தவங்கள்ல ரெண்டு பேரு இன்னும் உயிரோட இருக்காங்க, ஒருத்தருக்கு 94, ஆனா பேரெல்லாம் நல்லா ஞாபகம் வச்சிருக்காரு. கெடைக்கும்னு சொல்ல மாட்டேன், கேட்டுப் பாக்குறேன். சனிக்கிழமை காலைல 8 மணிக்கு நான் ஸ்டேஷனுக்கு வர்றேன், பசியாறாம வாங்க, நான் வீட்டுல இருந்து இடியப்பம் கொண்டு வர்றேன்.

---

கும்பகோணத்துக்காரன் எழுதியது:

வர்றோம் ஐயா, மூணு பேரும். அம்மா இப்பவே பேர எழுதிக் குடுத்துட்டாங்க, வருஷம் மட்டும் சரியாத் தெரியலையாம், கும்பகோணத்துல சித்திக்கு போன் போட்டுக் கேட்டுகிட்டு இருக்காங்க.